வெள்ளிக்கிழமைப் பல்புகள்

சிங்கப்பூர் போய்வந்தேன் என்று சொன்னால், சென்ட் பாட்டில் எங்கே, நைலான் புடவை எங்கே என்று கேட்கிறார்கள். நான் போனது கறுத்துப்போன பல்புகளைப் பார்ப்பதற்கு. திரும்பி வரும்போது என் பெட்டியில் இருந்ததும் அவைதான், துணிகளுக்கு நடுவே பத்திரமாகச் சுற்றி வைத்தபடி.

சென்னையில் நான் வேலை பார்க்கும் பல்புத் தொழிற்சாலை, சிங்கப்பூரில் நூர்தீன் மரைக்காயர் என்பவர் நடத்தும் சின்னத் தொழிற்சாலைக்கு டங்ஸ்டன் கம்பிச்சுருள் விற்று வந்தது. அவருடைய பல்புகள் ஒரு மாதம்கூட எரியாமல் உள்ளே மை பூசியது போலக் கறுக்கின்றன என்றும், கம்பி மட்டம் என்றும் அவர் புகார் சொன்னார். கம்பி நல்ல கம்பி என்று நிரூபித்துவிட்டு வா என்று என்னை அனுப்பினார்கள். எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. ஆபீசில் என் கால் ஆடுகிற ஆட்டத்தில் பக்கத்து மேசையின் மைக்கூடு குலுங்கும் என்று புகார் உண்டு. அதனால் போ என்றதும் கிளம்பிவிட்டேன். இறங்கியதும், எப்போது திரும்புவோம் என்று இருந்தது.

சிராங்கூன் சாலையில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே அறை. கீழே மிளகாயும் கருவாடும் மல்லிகைப்பூவும் சேர்ந்து ஒரு வாசனை மாடிப்படி ஏறி வரும். மின்விசிறி சுற்றுகிறதா யோசிக்கிறதா என்று தெரியாது. சென்னை வெயில் சுட்டெரிக்கும். இந்த ஊர் வெயில் ஈரத்துண்டைப் போர்த்திவிட்டது போல மேலே கிடக்கிறது. குளித்துத் துவட்டி முடிப்பதற்குள் மறுபடியும் குளிக்க வேண்டும். அலமாரியில் மாட்டிய தோல்பட்டைக் கடிகாரத்தில் மறுநாளே பூஞ்சை பூத்துவிட்டது.

நான் இறங்கிய மறுநாள் வெள்ளிக்கிழமை. தொழிற்சாலை மெக்பர்சன் சாலைப் பக்கம். தேக்கா சந்தை எதிரே நின்று பிராட்டாவும் மீன்குழம்பும் சாப்பிட்டேன். நம்மூர்ப் பரோட்டாவின் ஒன்றுவிட்ட தம்பி அது. கொஞ்சம் மெலிந்தவன், நல்ல குணம். பஸ்ஸில் ஏறி 'மெக்பர்சன்' என்றேன். கண்டக்டர் தலையாட்டி டிக்கெட்டைக் கிழித்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டே போனால், பஸ் கொண்டுபோய் விட்ட இடம் பாயா லேபார் விமான நிலையம். இறங்கிய மறுநாளே விமான நிலையத்துக்குத் திரும்பிய ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மனசு எங்கே இருந்ததோ அங்கேயே பஸ் கொண்டு விட்டது. வாடகைக் கார் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மதியம் ஆகிவிட்டது, நல்ல மழை வேறு.

மரைக்காயருக்கு அறுபது வயதிருக்கும். நாகூர்ப் பக்கம் பூர்வீகம், பிறந்தது இங்கேதான். ஜும்ஆத் தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், தொழிற்சாலையில் பாதிப் பேர் தன்னோடு வருவார்கள், இரண்டு மணிக்குத் திரும்பிவிடுவோம், சேர்ந்து சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடி வந்தார். அவருடைய அறைக்கு வாழையிலையில் கட்டிய பிரியாணிப் பொட்டலங்கள் வந்தன. வெள்ளிக்கிழமை தோறும் அவர் வீட்டில் விடியற்காலையிலேயே சமைத்து, தொழிற்சாலையில் இருக்கிற எல்லோருக்கும் பொட்டலம் வந்துவிடுமாம். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்ற கணக்கெல்லாம் கிடையாது. நான் பசியில் ஒரு கவளம் அள்ளி வாயில் போட்டேன். நாக்கு வெந்துவிட்டது. இறைச்சி அப்படியே கரைந்தது, அது வேறு விஷயம். ஆனால் அப்படி ஒரு சூடு. என் அவஸ்தையைப் பார்த்து மரைக்காயருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. தன் தொழிற்சாலையில் வெள்ளிக்கிழமை யாரும் ஆறின சோறு தின்னக் கூடாது என்பது முதல் நாளிலிருந்து தான் வைத்த ஏற்பாடு என்றார்.

சாப்பாடு முடிந்ததும் விஷயத்துக்கு வந்தார். கம்பியைக் குறை சொல்லி எழுதியது அவசரத்தில் செய்தது, மன்னிக்க வேண்டும் என்றார். பல்பின் மூடியில் நாளுக்கு ஒரு வண்ணப் பொட்டு வைப்பது அவர் வழக்கம். கடைகளிலிருந்து திரும்பி வருவதெல்லாம் பச்சைப் பொட்டு, அதாவது வெள்ளிக்கிழமைச் சரக்கு. மற்ற நாட்களில் காற்றுறிஞ்சும் பம்பில் நிற்பவன் காசிம். வெள்ளிக்கிழமை மதியம் அவன் பள்ளிவாசலுக்குப் போவதால், அன்றைக்கு அரை நாள் மட்டும் லெட்சுமி என்ற பெண் நிற்கிறாள்.

"நல்ல புள்ளதான் தம்பி. ஆனா அவ கைராசி அப்படி. இந்த மாசத்தோட நிறுத்திடலாம்னு இருக்கேன். படிச்சவங்க நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிட்டா என் மனசு உறுத்தாது."

எனக்கு இதைவிட வசதியான வழி வேறு இல்லை. கம்பி நல்ல கம்பி, கைதான் கோளாறு என்று சொல்லிவிட்டு அடுத்த விமானத்தில் ஏறிவிடலாம். சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். எதற்கும் அந்தப் பெண்ணை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று எழுந்து போனேன்.

லெட்சுமிக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பம்பின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். நான் யார், எதற்காக வந்திருக்கிறேன் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. கணவன் செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை செய்கிறான். வெள்ளைக்காரன் மூட்டை கட்டப் போகிறான் என்று அப்போது ஊரெல்லாம் பேச்சு. அவன் வேலை போனால் வீடு இவள் சம்பளத்தில்தான் ஓட வேண்டும். தோ பாயோவில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் அவர்களுக்கு வீடு கிடைத்துச் சாவியும் வந்துவிட்டதாம். இன்னும் குடி போகவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"என் கை சரியில்லன்னு எல்லாரும் சொல்றாங்க சார். இந்தக் கையால எப்படிப் போயி புது வீட்டுல பால் காய்ச்சறது?"

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை, என் மேலேயும்தான். நான் பதினைந்து வருஷமாக டங்ஸ்டனோடு பழகுகிறவன். அதற்குக் கைராசி பார்க்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். மரைக்காயரிடம் ஒரு வாரம் அவகாசம் வேண்டும் என்றேன். அவர் தாராளமாக என்றார். சொல்லிவிட்டு வெளியே வந்ததும், ஒரு வாரம் இந்த ஊரில் என்ன செய்யப் போகிறோம் என்று விரலை மடக்கி நாள் எண்ண ஆரம்பித்தேன்.

சனிக்கிழமை அரை நாள் பம்பை அக்கு அக்காகப் பிரித்துப் பார்த்தேன். ஒரு கோளாறும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அறையில் இருப்புக் கொள்ளாமல் நடந்தேன். ஆற்றங்கரையில் டொங்காங் படகுகளிலிருந்து மூட்டைகள் ஒல்லியான பலகை மேல் முதுகேறி வருவதைப் பார்த்தேன். ஒரு கோப்பிக் கடையில் ஒருவர் சூடான கோப்பியைச் சாசரில் ஊற்றி, ஒரு காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு, உலகத்தில் இதைத் தவிர வேறு வேலையே இல்லாதது போல உறிஞ்சிக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் என் கோப்பியை இரண்டே வாயில் முடித்துவிட்டு எழுந்தேன். நாக்கு இன்னும் ஆறவில்லை.

நடக்கும்போதெல்லாம் மனசில் பல்புதான். படிக்கிறவர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். டங்ஸ்டன் சூட்டுக்கு அஞ்சாத உலோகம். பல்புக்குள் இரண்டாயிரம் டிகிரிக்கும் மேலே வெள்ளையாகக் காய்ந்துகொண்டு நின்றாலும் உருகாது. இரும்பு அந்தச் சூட்டில் குழம்பாகிவிடும். அதைத் தாங்கிப் பிடிக்கும் மாலிப்டினம் கொக்கிகளும் அதே வம்சம்தான். நெருப்பை இப்படிச் சட்டை செய்யாத இந்த உலோகங்கள், நீராவி என்றால் மட்டும் நடுங்கிப்போகும். பல்புக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவு ஈரம் இருந்தாலும் போதும். காய்ந்த கம்பியில் பட்டதும் நீராவி இரண்டாகப் பிரியும். அதிலிருக்கும் ஆக்சிஜன் டங்ஸ்டனைப் பிய்த்துக்கொண்டு ஆக்சைடாகப் பறந்து கண்ணாடியில் போய் ஒட்டும். மிச்சமிருக்கும் ஹைட்ரஜன் சும்மா இருக்காது. பின்னாலேயே போய் அந்த ஆக்சிஜனைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளும். டங்ஸ்டன் கரியாகக் கண்ணாடியிலேயே தங்கிவிடும். பிரிந்த இரண்டும் மறுபடி சேர்ந்து நீராவியாகி, அடுத்த சுமை எடுக்கக் கம்பிக்குத் திரும்பும். திருடியதைப் போட்டுவிட்டு வெறுங்கையோடு மறுபடி வருகிற திருடன். அவனுக்கு ஓய்வே இல்லை, செலவும் இல்லை. கம்பி இளைத்துக்கொண்டே போய் ஒரு நாள் அறுந்துவிடும், அதற்குள் பல்பும் கறுத்துவிடும்.

ஆக, பச்சைப் பொட்டுப் பல்புகளுக்குள் ஈரம் போகிறது. எங்கிருந்து? மழையா? மழை இந்த ஊரில் எல்லா நாளும்தான் பெய்கிறது. திங்கட்கிழமை லெட்சுமியைப் பம்பில் நிற்க வைத்துப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். காசிம் செய்வதைவிட ஒரு படி கவனமாகவே செய்தாள். அந்தப் பல்புகளைச் செவ்வாய்க்கிழமை முழுக்க அதிக மின்னழுத்தம் கொடுத்து எரித்தேன். அப்படி எரித்தால் மாதக் கணக்கில் வருகிற கறுப்பு ஒரு பகலில் வந்துவிடும். ஒரு பல்பும் கறுக்கவில்லை. ஓடிப்போய் மரைக்காயரிடம் சொன்னேன். அவர் அசையவில்லை. திங்கட்கிழமை நன்றாகத்தான் இருக்கும் தம்பி, வெள்ளிக்கிழமைதானே விஷயம் என்றார். லெட்சுமி தூரத்தில் நின்று எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபடியும் கையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

அன்று சாயங்காலம் சிராங்கூன் சாலையில் சும்மா சுற்றினேன். ஓரத்தில் ஒருவர் இடியாப்பம் அவித்து விற்றுக்கொண்டிருந்தார். இங்கே அதைத் தேங்காய்ப்பூவும் பழுப்புச் சர்க்கரையும் போட்டுத் தின்கிறார்கள். ஒரு தட்டு கேட்டுவிட்டு, பொறுமையில்லாமல் தலையை நீட்டி எட்டிப் பார்த்தேன். அவர் மூடியைத் தூக்கினார். என் மூக்குக்கண்ணாடி முழுக்க வெள்ளையாகிவிட்டது. ஒன்றும் தெரியவில்லை. அப்படியே நின்றேன். வெந்த நாக்கின் ஞாபகம் வந்தது. விடியற்காலையில் சமைத்த பிரியாணி, மதியம் இரண்டு மணிக்கு எப்படி நாக்கை வேகவைக்கிற சூட்டில் இருந்தது?

இடியாப்பத்தை வாங்காமலே நடந்தேன். அவர் பின்னாலிருந்து, "அண்ணே, கேட்டுட்டுப் போறீங்களே லா" என்று இந்த ஊர் 'லா' போட்டு இழுத்தது காதில் விழுந்தது.

புதன்கிழமை காலை முதல் வேலையாகக் காசிமைப் பிடித்தேன். கடையநல்லூர்க் குடும்பம். பையன் போல இருந்தாலும் நாற்பதைத் தாண்டியவன், நல்ல வேலைக்காரன். பொட்டலங்களை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். இதென்ன கேள்வி என்பது போலப் பார்த்தான்.

"சூட்டு அலமாரியிலதான் சார். நான்தான் தொழுகைக்குப் போறதுக்கு முன்னால அடுக்கிட்டு, ஆவி வெளிய போயிடாம இறுக்கிச் சாத்திட்டுப் போவேன்."

சூட்டு அலமாரி என்பது இரும்புப் பெட்டி. அடியில் மின்சாரக் கம்பி காயும். இந்த ஊர் ஈரக் காற்று படக் கூடாது என்று கம்பிச்சுருள் மாட்டிய கண்ணாடித் தண்டுகளை அதற்குள் மேல்தட்டுகளில் வைத்திருப்பார்கள். மதியம் அதிலிருந்து எடுத்துத்தான் பல்புக்குள் பொருத்துவார்கள். அடித்தட்டு காலியாக இருக்கும். வாரத்தில் ஒரு நாள், சரியாக வெள்ளிக்கிழமை, அதில் வாழையிலைப் பொட்டலங்கள். சோற்றிலிருந்து எழும் ஆவியை மேலே இருக்கிற கண்ணாடியும் சுருளும் குடித்துக்கொண்டே இருந்திருக்கின்றன. அவ்வளவு ஈரத்தைப் பல்பு பம்பில் இருக்கிற நேரத்துக்குள் இழுத்துவிட முடியாது. லெட்சுமியைக் கேட்டபோது இன்னொன்றும் தெரிந்தது. கெட்ட பேர் வந்த பிறகு பயந்துபோய், நன்றாகக் காயட்டும் என்று வெள்ளிக்கிழமைகளில் தண்டுகளை இன்னும் அதிக நேரம் உள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். பாவம், கவனம் கூடக் கூடக் கறுப்பும் கூடியிருக்கிறது.

சொன்னால் மரைக்காயர் நம்பமாட்டார் என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை இல்லாத நாளில், லெட்சுமி தொடாமல், பல்பு கறுக்க வேண்டும். பக்கத்துக் கடையில் சுடச்சுடச் சோற்றுப் பொட்டலங்கள் வாங்கி வந்து அடித்தட்டில் அடுக்கினேன். விஞ்ஞானத்துக்காக நான் செய்த சோதனைகளிலேயே பசியெடுக்க வைத்தது அதுதான். பம்பில் யார் நிற்பது என்ற கேள்வி வந்தது. காசிம் தானாகவே முன்னால் வந்தான். பல்பு கறுத்தால் அவன் பேரும் கெடும் என்று எச்சரித்தேன்.

"கெடட்டும் சார். அடுக்கி வச்சது என் கைதானே. அவ என்ன பாவம் செஞ்சா?"

வியாழக்கிழமை பகல் முழுக்க அந்தப் பல்புகள் எரிந்தன. நான் நாற்காலியில் உட்காருவதும் எழுவதுமாக இருந்தேன். மரைக்காயர் நடுவில் வந்து பார்த்துவிட்டுப் போனார். மாலைக்குள் ஒவ்வொன்றாகப் பழுப்பேறி, பிறகு கறுத்தன. காசிமின் கைபட்ட, புதன்கிழமை மஞ்சள் பொட்டு வைத்த பல்புகள். ஒன்றை அணைத்து, ஆறவைத்து, மரைக்காயர் கையில் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். அவர் அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப, கெடுத்தது என் சோறா?"

சோறு இல்லை, அதன் ஆவி என்றேன். ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னேன். அவர் முகம் இன்னும் சுருங்கிவிட்டது. எனக்கு வருத்தமாக இருந்தது. நல்லது நினைத்துச் செய்த மனிதர். அவருடைய பிரியாணியை வயிறாரத் தின்ற வாயால் இதைச் சொல்ல வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை பொட்டலங்கள் வந்தன. ஆனால் அலமாரிக்குப் போகவில்லை. மரைக்காயரின் மேசை மேல் அவர் கண் முன்னாலேயே இருந்தன. மதியம் லெட்சுமி பம்பில் நின்றாள். இரண்டு மணிக்குத் தொழுகை முடிந்து வந்த மரைக்காயர், வழக்கத்துக்கு மாறாகத் தொழிற்சாலைக் கூடத்திலேயே ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார். நெய் உறைந்து இலையோடு ஒட்டியிருந்தது. எல்லோரும் சாப்பிட ஆரம்பித்தார்கள். ஒரு சீனப் பெண் மலாயில் ஏதோ சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். தவுக்கே, அதாவது முதலாளி, ஆறின சோறு தின்று இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றாளாம். மரைக்காயரும் சிரித்தார். பிறகு கையைக் கழுவிவிட்டு லெட்சுமியிடம் போனார்.

"உன் கையக் குத்தம் சொல்லிட்டேன்மா. மனசுல வச்சுக்காத. பம்பு இனிமே உன் பொறுப்பு, வெள்ளிக்கிழமை மட்டும் இல்ல."

காசிமை மேற்பார்வைக்கு உயர்த்திவிட்டதாகவும் சொன்னார். லெட்சுமி தலையை ஆட்டினாள். சந்தோஷப்படுவாள் என்று நான் காத்திருந்தேன். அவள் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் அவர்கள் மட்டுமா, அவளும் அல்லவா அந்தக் கையைச் சந்தேகப்பட்டிருக்கிறாள்? சனிக்கிழமை அவளுடைய பச்சைப் பொட்டுப் பல்புகளை எரித்தபோது, அவை அணையும்வரை அவள் கண் அவற்றை விட்டு நகரவில்லை. எல்லாம் பளிச்சென்று இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை என்னைத் தோ பாயோவுக்கு அழைத்திருந்தாள். விமானம் மாலையில்தான். ஒரே மாதிரி கட்டடங்களுக்கு நடுவே வழி தவறி, இரண்டு கட்டடம் ஏறி இறங்கி, மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்தேன். சுண்ணாம்பு வாசனை மாறாத வீடு. சாமான்கள் ஒன்றும் வரவில்லை. ஒரு சாமி படம், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, மஞ்சள் கட்டிய புதுப் பாத்திரம். காசிமும் மனைவியோடு வந்திருந்தான். மரைக்காயர் வரவில்லை, கூடத்தில் மாட்டச் சொல்லி ஒரு பல்பு கொடுத்தனுப்பியிருந்தார். மூடியில் பச்சைப் பொட்டு.

பால் காய்ச்ச நாத்தனாரை வரச் சொல்லியிருந்தாள் லெட்சுமி. கைராசிக்காரி என்று பேரெடுத்த நாத்தனாராம். அந்த அம்மாள் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து தீப்பெட்டியைக் கையில் எடுத்துவிட்டார். லெட்சுமி கணவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அண்ணி, குடுங்க. நானே பத்த வைக்கிறேன்."

முதல் குச்சி காற்றில் அணைந்தது. அவள் அவசரப்படாமல், வாசல் பக்கம் முதுகைத் திருப்பி உட்கார்ந்துகொண்டு இரண்டாவது குச்சியைக் கிழித்தாள். திரி பிடித்துக்கொண்டது. பால் பொங்கி நாலு பக்கமும் வழிந்தபோது அவள் அழுதாள், சிரித்தாள், பாத்திரத்தை இறக்க மறந்தே போனாள். முதல் டம்ளரை என்னிடம் நீட்டினாள். ஆறட்டும் சார், சுடும் என்றாள். நான் எதற்கும் காத்திருக்கத் தெரியாதவன். அப்படியே வாங்கிக் குடித்தேன். இப்போதுதான் ஆறியிருந்த நாக்கு மறுபடியும் வெந்தது.